துண்டு கிடந்தால் ஆள் இருக்கிறார்

ஏழு ஆறுகளைத் தாண்டினால் ஏழாங்கரை நாடு வரும். பெரும்பாலோர் ஆறாவது ஆற்றிலேயே அலுத்துப்போய்த் திரும்பிவிடுவதால் அந்த நாட்டைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கே நாற்பத்தோரு ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்து, கடைசி ஆண்டில் நாட்டை உருப்படாமல் ஆக்கிவிட்டு, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவன் நான்தான்.

ஏழாங்கரைக்காரர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அவர்களுடைய துண்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓடம் கரைக்கு வருமுன்பே துண்டு பறக்கும். எந்தப் பலகையில் விழுகிறதோ அது துண்டுக்காரருடைய இடம். பந்தியில் இலைக்கு முன் துண்டு, கூத்தில் முன்வரிசையில் துண்டு, முடிதிருத்துபவர் கடைப் பலகையில் அடுக்கடுக்காக ஒன்பது துண்டு. மாப்பிள்ளை வர நேரமாகிவிட்டதென்று மணவறையில் கிடந்த அவர் துண்டுக்குப் பக்கத்திலேயே பெண்ணை உட்கார வைத்து முகூர்த்தத்தை முடித்த குடும்பங்கள் உண்டு. அவற்றில் இரண்டு தம்பதிகள் மிக ஒற்றுமையாக இருந்தார்கள். மாப்பிள்ளை கடைசிவரை வரவில்லை.

தலைநகரின் நடுச்சதுக்கத்தில் இதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்கள். "துண்டு கிடக்கும் இடத்தில் அதற்குரிய ஆள் இருக்கிறார் என்று கொள்க. பிறர் துண்டை எடுத்து எறிபவருக்கு நாற்பது நாள் சிறை." நாட்டின் முதல் சட்டம் அதுதான். இரண்டாவது சட்டம் தலைவரின் பாதுகாப்பைப் பற்றியது. பெருந்தலைவர் எங்கே இருக்கிறாரோ அங்கே நானூறு காவலர், மேடை போட நாற்பது தச்சர், ஒரு வைத்தியர், ஒரு யானை கட்டாயம் இருக்க வேண்டும். அவர்மேல் ஒரு சொட்டு நீர் பட்டாலும் காவல் தளபதி வேலையை இழப்பார்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தலைவர் தேர்தல். அதற்கு முன்னால் ஏழு வெள்ளிக்கிழமைகளில் வினாமேடை நடக்கும். வேட்பாளர்கள் இருவரும் மேடையில் இரண்டு நாற்காலிகளில் உட்கார வேண்டும். குடத்துக்குள் ஓலை போட்டுக் குலுக்கி எடுத்த ஒரு குடிமகளோ குடிமகனோ எதிரில் நின்று ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்ததென்று கேட்டவர் தலையாட்டினால்தான் நான் முடிவு மணி அடிப்பேன். ஆட்டாவிட்டால் அடுத்த வெள்ளியும் அதே ஆள், அதே கேள்வி. மேடையில் நடப்பதெல்லாம் நாட்டின் ஒவ்வொரு நாற்சந்தியிலும் நிற்கும் ஊர்க்கண்ணாடியில் அப்படியே தெரியும். எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மணிப்பிரிவு. கண்ணாடியின் ஓரத்தில் நான்கு பண்டிதர்கள் உட்கார்ந்து, நாம் சற்று முன் கண்ணால் பார்த்ததை நமக்கே எடுத்துச் சொல்வார்கள். நாமும் கேட்டுக்கொண்டு, ஓகோ அப்படியா என்போம்.

நான் சொல்லும் அந்தத் தேர்தலில், பதவியில் இருந்த பெருந்தலைவர் அகண்டநாதர் மறுபடி நின்றார். எதிர்த்து நின்றவர் உத்தண்டியார். குடத்திலிருந்து வந்த ஓலையில் காத்தாயி என்ற பெயர் இருந்தது. ஊர் தாழமடை.

தாழமடை பெரிய ஏரிக்குக் கீழே கிடக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. ஏரி மதகின் பலகைக்கதவு இற்றுப்போய், நிறைமாதக்காரி வயிறு போல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. ஐப்பசி மழைக்கு முன் மாற்றாவிட்டால் ஏரி ஊருக்குள் குடிவந்துவிடும். காத்தாயியின் கேள்வி இவ்வளவுதான்: "மழைக்கு முன்னால கதவை மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

முதல் வெள்ளி. உத்தண்டியார் வந்து உட்கார்ந்திருந்தார். அகண்டநாதரைக் காணோம். அவருக்குப் பதில், அவருடைய தோற்றப் பொலிவு ஆலோசகர் பூவராகன் ஒரு தாம்பாளத்தோடு மேடையேறினார். தாம்பாளத்தில் சரிகை போட்ட ஒரு பட்டுத் துண்டு. அதை நாற்காலியில் விரித்து, சுருக்கம் நீவிவிட்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

போன தேர்தலில் அகண்டநாதரிடம் ஒருவர், "ஏழாங்கரையில் எத்தனை ஆறு?" என்று கேட்க, "குழு அமைத்துச் சொல்கிறேன்" என்று அவர் பதில் சொன்னது பூவராகனுக்கு மறக்கவில்லை. என் காதருகே குனிந்து, "மணிக்காரரே, தலைவர் வந்தால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நாடே ஏழு நாள் பேசும். ஏழு நாளும் அவர் பேர்தான். இதற்குப் பேர் உத்தி" என்றார்.

உத்தண்டியார் எழுந்து நின்றார். "என்னய்யா இது? துண்டு வந்திருக்கு, ஆளைக் காணோம். மணிக்காரரே, நான் துண்டோட வாதம் பண்றதுக்கா சவரம் பண்ணிட்டு வந்தேன்?"

வேட்பாளர் வந்திருக்கிறாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மணியடிப்பவனுக்கு உண்டு. நாற்பத்தோரு ஆண்டில் அந்த அதிகாரத்தை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. எல்லோரும் அவரவர் காலால் நடந்து வந்து தொலைத்ததால் வாய்ப்பே கிடைக்கவில்லை. இப்போது நாடே என் வாயைப் பார்த்தது. கண்ணாடியில் என் முகம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"முதல் சட்டப்படி, துண்டு கிடக்கும் இடத்தில் ஆள் இருக்கிறார். ஆகவே பெருந்தலைவர் அகண்டநாதர் வந்திருக்கிறார். கேள்வி தொடரலாம்."

நாட்டைக் கவிழ்க்க அதிகம் சொற்கள் தேவையில்லை என்பதை அன்று நான் அறியவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "தீர்ப்பு எப்படி?" என்றேன். "உங்க வேட்டி ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு" என்றாள்.

அன்று மேடையில், தீர்ப்புக்குப் பிறகு, சட்டப்படி துண்டுக்கும் பேச நேரம் தர வேண்டியிருந்தது. மணற்கடிகையைக் கவிழ்த்தேன். மணல் முழுக்க இறங்கும்வரை துண்டு பேசவில்லை. நேர மணி அடித்தேன். அடுத்து உத்தண்டியார். பாவம், கோபத்தில் இருந்தார். தான் வென்றால் மதகுக்கு வெள்ளிக்கதவு என்றார். துண்டைப் பார்த்துக்கொண்டே தங்கக்கதவு என்றார். கடல் சீறினாலும் அந்தக் கதவு தாங்கும் என்றார்.

"ஐயா, மதகு ஏரியில இருக்குங்க. எங்க ஊருக்கும் கடலுக்கும் மூணு நாள் நடை" என்றாள் காத்தாயி. தலையை ஆட்டவில்லை.

நான்கு பண்டிதர்களும் அன்று மாலையே ஒருமனதாகச் சொன்னார்கள். உத்தண்டியார் மூன்று தவறு செய்தார். துண்டு ஒரு தவறுகூடச் செய்யவில்லை. என்ன நிதானம், என்ன முதிர்ச்சி என்று ஒரு பண்டிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் வெள்ளி, உத்தண்டியாரும் துண்டு அனுப்பினார். அவருடையது அகலக் கரை.

அதன்பிறகு மேடையில் இரண்டு துண்டுகள், நான் ஒருவன், காத்தாயி ஒருத்தி. பெருந்தலைவர் 'இருப்பதால்' சுற்றிலும் நானூறு காவலர், நாற்பது தச்சர், வைத்தியர், யானை. வைத்தியர் நடுநடுவே துண்டின் நாடியைப் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்பார். காத்தாயி கேட்பாள். நான் மணலைக் கவிழ்ப்பேன். மணல் இறங்கும். மணியடிப்பேன். அவள் தலை அசையாது. அதுவரை நான் வேலை பார்த்ததிலேயே நிம்மதியான வெள்ளிக்கிழமைகள் அவை. குறுக்கே யாரும் பேசவில்லை, நேரத்தை யாரும் மீறவில்லை.

அரண்மனையிலிருந்து ஆணைகள் வரத் தொடங்கின. முதல் ஆணை, துண்டின் முன் உரத்த குரலில் கேட்கக் கூடாது, சரிகை மிரளும். இரண்டாவது, துண்டு பேசாதிருந்தால் ஆம் என்றோ இல்லை என்றோ கொள்ளக் கூடாது. மறுக்கவில்லை என்று மட்டும் கொள்ளலாம். மூன்றாவதுதான் பெரிய ஆணை. தலைவர்களுக்குப் பொருந்துகிற வசதி அரசு ஊழியர்களுக்கும் பொருந்தும்.

ஒரே வாரத்தில் நாடு முழுக்கத் துண்டுமயம். பள்ளியில் வாத்தியார் நாற்காலியில் துண்டு. பிள்ளைகள் அதற்கு எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, விளையாடப் போனார்கள். மருத்துவச்சாலையில் துண்டின் முன் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வந்தவர்களில் சிலருக்குக் குணமானது. மற்றவர்கள் புகார் சொல்லும் நிலையில் இல்லை. சிறையில் கைதிகள் இருநூறு பேரும் ஆளுக்கொரு துண்டை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். காவலர் எண்ணிப் பார்த்து, கணக்குச் சரி என்று பூட்டினார். அவருமே ஒரு துண்டுதான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

காத்தாயி ஏரிப் பராமரிப்பு அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்தாள். வாசலில் இருந்த சேவகர் ஒருவர்தான் அங்கே உடம்போடு இருந்த ஆள்.

"அதிகாரி ஐயா இருக்காருங்களா?"

"இருக்கார். பாத்தா தெரியல? நீலக்கரை போட்டது."

"எப்ப வருவாருங்க?"

"இருக்கிறவர் எப்படிம்மா வருவார்? விவரம் இல்லாமப் பேசறியே."

ஆறாம் வெள்ளி முடிந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. புதன்கிழமை மத்தியானம், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு காத்தாயி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தேன். சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே நழுவப் பார்த்தேன்.

"மணிக்கார ஐயா, உங்க துண்டுகிட்டப் பேச நான் வரல. நில்லுங்க."

நின்றேன்.

"போன வருசம் முழங்கால் வரைக்கும் தண்ணி. இந்த வருசம் கதவு போயிருச்சுன்னா கழுத்து வரைக்கும். எங்க மாமியா கட்டில்ல கிடக்கு. கழுத்துன்னு நான் சொல்றது நிக்கிறவங்களுக்கு."

"சட்டம் அப்படி இருக்கு தாயி. நான் என்ன பண்ண?"

"சட்டந்தான் கேக்க வந்தேன். துண்டு எங்க கிடக்கோ, அங்க ஆளு?"

"ஆமா."

"மேடையில கிடந்தா மேடையில. வேற எங்கயாவது கிடந்தா?"

"வேற எங்கயாவதுதான்."

"அடுத்தவுக துண்டை எடுத்து எறிஞ்சாத்தானே சிறை? எறியாம, தாம்பாளத்துல வச்சு, குடை புடிச்சு, மரியாதையா ஏந்திக்கிட்டுப் போனா?"

யோசித்தேன். இப்படியொரு கேள்வி எனக்கு முன் மணியடித்தவர் யாருக்கும் வந்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். "அது துண்டை எடுத்தது ஆகாது. ஆளை அழைச்சுட்டுப் போனதுதான் ஆகும். ஆனா அவர் சம்மதிக்கணும்."

"கேட்டு, மறுக்கலன்னா?"

"மறுக்கவில்லை என்று கொள்ளலாம். இரண்டாவது ஆணை."

"இதை ஒரு ஓலையில எழுதி முத்திரை வச்சுக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று கடுகளவும் யோசிக்கவில்லை. இன்னொரு தீர்ப்புச் சொல்லக் கிடைத்ததே என்ற பூரிப்பு. கையெழுத்தைக்கூட வழக்கத்தைவிட ஒரு சுழி கூடுதலாகப் போட்டேன்.

ஏழாம் வெள்ளி. மழை கொட்டியது. காத்தாயி பித்தளைத் தாம்பாளம், ஆரத்தி, ஒரு பெரிய தாழங்குடையோடு மேடையேறினாள். அன்று அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"ஐயாமாரே, எங்க ஊர் மதகை ஒரு நடை வந்து பாக்கணும். கூட்டிட்டுப் போகலாமா?"

மணலைக் கவிழ்த்தேன். இறங்கியது. பட்டுத் துண்டு மறுக்கவில்லை. அகலக்கரைத் துண்டும் மறுக்கவில்லை. மணியடித்தேன். அவள் ஆரத்தி சுற்றி, இரண்டையும் தாம்பாளத்தில் ஏந்தி, குடையை விரித்து இறங்கி நடந்தாள்.

பாய்ந்து வந்த காவல் தளபதி எரிமலையான் முன்னால் ஓலையை நீட்டினாள். அவர் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பெருந்தலைவர் கிளம்பிட்டார். நடங்கய்யா" என்றார் தளபதி.

நானூறு காவலரும் நடந்தார்கள். நாற்பது தச்சரும் மேடைக்கென்று வைத்திருந்த தேக்குப் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். வைத்தியர் நடந்தார். யானை நடந்தது. மணி இல்லாமல் வினாமேடை இல்லை என்பதால் மணியைத் தூக்கிக்கொண்டு நானும் நடந்தேன். ஊர்க்கண்ணாடிகள் தலைவரை எங்கும் தொடர வேண்டும் என்பது விதி. ஆகவே நாடே எங்களோடு நடந்தது.

தாழமடையில், மதகுக்கல்லின் உச்சியில், ஏரி ஒரு சாண் கீழே குமுறிக்கொண்டிருக்க, காத்தாயி குடையைச் சாய்த்து வைத்து, அதன் கீழே இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கல்லை வைத்தாள்.

தளபதி தண்ணீரைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். ஒரு சொட்டு பட்டால் வேலை போகும். பலகைக்கதவு ஒருமுறை முனகியது.

"ஏய், பெருந்தலைவர் முழுகப் போறார்டா. மண்மூட்டை எங்க? தச்சன்மாரெல்லாம் இறங்குங்க. யானையைக் கொண்டாங்க" என்று அவர் கத்தியதை நாட்டின் எல்லா நாற்சந்தியிலும் கேட்டார்கள்.

இந்நேரம் அகண்டநாதர் எங்கே இருந்தார் என்று கேட்கலாம். நகருக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டில் எண்ணெய்க் குளியலில் இருந்தார். பூவராகன் மூச்சிரைக்க ஓடிப்போய், "தலைவரே, நீங்கள் தாழமடையில் ஆபத்தில் இருக்கிறீர்கள்" என்று சொன்னார். தலைவர் அலறிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார். அங்கே வாசற்காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"தலைவர் மதகுல இருக்காருங்க. இப்பத்தான் கண்ணாடியில பாத்தேன். எண்ணெய் வடிய வந்து நிக்கிற நீங்க யாரு?"

தன்னை மீட்கத் தானே போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. உத்தண்டியார் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான் நடந்தது; அங்கே தடுத்தது அவர் மனைவி.

ஏரிக்கரையின் ஒரு முனையிலிருந்து ஒருவரும் மறுமுனையிலிருந்து ஒருவரும் ஓடிவந்தார்கள். அந்தத் தேர்தலில் அவர்கள் இருவரும் சேர்ந்து கண்ணாடியில் தெரிந்தது அதுதான் முதல்முறை. இருவரும் ஒரே குரலில், "மணிக்காரரே, நாங்க வந்துட்டோம்னு சொல்லுங்க" என்றார்கள்.

இரண்டாவது முறையாக நாடு என் வாயைப் பார்த்தது. இந்தமுறை வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

"வேட்பாளர்கள் ஏற்கெனவே மதகுக்கல்லில் இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. துண்டில்லாமல் வந்திருக்கும் நீங்கள் இருவரும் பார்வையாளர்கள். போய்ப் பார்வையாளர் பக்கம் உட்காரவும்."

பார்வையாளர் பக்கம் என்பது கரைமேடு. அதில் காலி இடம் எதுவும் மிச்சமில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் காலையிலேயே துண்டு போட்டு வைத்திருந்தார்கள். உட்கார இடமில்லாதவர்கள் நிற்க வேண்டும். நிற்பவர்களைத் தளபதி சும்மா விடவில்லை. கைமாற்றிக் கைமாற்றி மூட்டை போய்க்கொண்டிருந்த வரிசையில் இருவரையும் சொருகினார். அகண்டநாதருக்கு ஒரு பக்கம் உத்தண்டியார், மறுபக்கம் காத்தாயி.

ஐம்பது மூட்டை போயிருக்கும். பெருந்தலைவரின் எண்ணெயெல்லாம் மழையில் கழுவிப்போய், அவர் முகம் முதல்முறையாக முகமாகத் தெரிந்தது. மூச்சிரைப்பில் தொப்பை ஏறி இறங்கியது. காத்தாயி ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"ஐயா, மழைக்கு முன்னால கதவை மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

பூவராகன் பக்கத்தில் இல்லை. அவர் யானைக்குப் பின்னால் வழுக்கிக் கிடந்தார்.

"மாத்திக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்" என்றார் அகண்டநாதர். "மழைக்கு முன்னால வந்திருக்கலாம்."

கீழே தச்சர்கள் கடைசித் தேக்குப் பலகையை இறக்கி ஆப்படித்தார்கள். குமுறல் அடங்கியது. காத்தாயி ஊர்ப்பக்கம் திரும்பி, தன் வீட்டுக் கூரை இருக்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஏழு வாரமாகக் காத்திருந்த முடிவு மணியை அடித்தேன். நனைந்த மணி, சத்தம் சரியாக வரவில்லை.

அடுத்த வெள்ளி வாக்குப்பதிவு. எல்லோரும் பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். தாழமடைக்காரர்கள் கற்றார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆளாகவே வந்து, வாக்குச்சாவடியில் கால்கடுக்க நின்றார்கள். காத்தாயி மாமியாரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மற்ற ஊர்களில் விடிந்ததும் சாவடி வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை நீண்டிருந்தது. அத்தனையும் துண்டு. முதல் சட்டப்படி அத்தனை பேரும் வந்து வாக்களித்ததாகக் கொள்ளப்பட்டது. வரலாறு காணாத பதிவு என்று பண்டிதர்கள் கண்ணாடியில் நெகிழ்ந்தார்கள்.

நானும் என்னுடையதைப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். ஈரிழைத் துண்டு, நல்ல உழைப்பாளி. யாருக்கு வாக்களித்தது என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.